ஸ்டேஷன் ரைட்டரின் நோட்டு

வருடா வருடம் சட்டமன்றத்தில் காவல்துறை மானியக் கோரிக்கை வரும் நாளில் ஒரு கொள்கை விளக்கக் குறிப்பும் மேசையில் வைக்கப்படும். மானியக் கோரிக்கை எண் 22. ஒரு தரப்பு 'சட்டம் ஒழுங்கு சந்தி சிரிக்கிறது' என்று பேசும். இன்னொரு தரப்பு 'அமைதிப் பூங்கா' என்று மேசையைத் தட்டும். ஆட்சி மாறினால் வசனத்தை மாற்றிக்கொள்வார்கள். எண்கள் மட்டும் அதே குறிப்பிலிருந்துதான் வரும். இந்தக் குறிப்புகளைச் சில வருடங்களாக இறக்கி வைத்துப் படித்து வருகிறேன். 'நாவல் படிக்கிற நேரத்துல இதைப் போய்ப் படிக்கிறியே' என்று நண்பர்கள் கேட்பதுண்டு. எனக்கு என்னவோ இதிலும் கதை இருப்பதாகத்தான் படுகிறது.

எத்தனை நிலையங்கள், எத்தனை புது வாகனங்கள், எத்தனை கொலை, எத்தனை கொள்ளை, களவு போன சொத்தின் மதிப்பு, மீட்ட சொத்தின் மதிப்பு, இரண்டுக்கும் உள்ள சதவீதம். இந்தக் கடைசிக் கட்டத்தைத்தான் நான் எப்போதும் முதலில் பார்ப்பேன். பிறகு சென்னை மாகாணப் போலீஸின் பழைய ஆண்டறிக்கைகள் கண்ணில் பட்டன. நூறு வருடத்துக்கும் முந்தைய அறிக்கைகள். அங்கேயும் அதே கட்டம், அதே சதவீதம். போன வருடத்தைவிடக் கூடினால் பெருமிதம், குறைந்தால் பருவமழை பொய்த்ததில் தொடங்கி ஆள் பற்றாக்குறை வரை ஒரு விளக்கம். இங்கிலீஷ் துரைமார் எழுதிய வாக்கிய அமைப்புகூட இன்னும் அங்கங்கே மிச்சமிருக்கிற மாதிரி தோன்றும்.

இந்த எண்கள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு சின்னக் காரியம் நடந்தாக வேண்டும். ஒருவர் ஸ்டேஷனுக்குள் போய் நடந்ததைச் சொல்ல வேண்டும். அதை இன்னொருவர் எழுத வேண்டும். எழுதுகிறவருக்கு நம் ஊர் ஸ்டேஷன்களில் 'ரைட்டர்' என்றே பெயர். ஏட்டு பதவியில் இருப்பார். எந்த இலக்கிய விருதுப் பட்டியலிலும் வராத எழுத்தாளர். அவர் எழுதினால்தான் அது குற்றம். எழுதாவிட்டால் அது உங்கள் தலையெழுத்து. எதை எழுதினார்கள், எதை எழுதாமல் விட்டார்கள் என்று பார்த்துக்கொண்டே போனால் இந்த மாகாணத்துப் போலீஸின் வரலாறு ஆண்டறிக்கை சொல்வதிலிருந்து கொஞ்சம் வேறு மாதிரித் தெரிகிறது.

போலீஸ் வருவதற்கு முன்னால் இங்கே காவல் இருந்தது. ஊருக்குத் தலையாரி. அவருக்கு மேல் பாளையக்காரர்களின் காவல். தெற்கே மதுரை, திருநெல்வேலிப் பக்கங்களில் கள்ளர், மறவர் சமூகங்களுக்கு ஊர்க்காவல் உரிமை. களத்தில் நெல் அளக்கும்போது காவல்காரருக்கு உரிய பங்கு போகும். பதிலுக்கு ஒரு நிபந்தனை: களவு போனால் காவல்காரர் பொருளைக் கண்டுபிடித்துத் தர வேண்டும், முடியாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். மீட்பு சதவீதம் என்கிற பேச்சுக்கே அங்கே இடமில்லை. கிடைத்தது, அல்லது ஈடு வந்தது.

இதைச் சொன்னவுடன் 'ஆஹா, அந்தக் காலம்' என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். காவல் கூலி கொடுக்காத ஊரில் மாடு காணாமல் போகும். காணாமல் போன மாட்டைத் துப்புச் சொல்லி மீட்டுத் தர துப்புக்கூலி என்று தனியாக ஒன்று வாங்குவார்கள். கொண்டுபோனவருக்கும் துப்புச் சொன்னவருக்கும் சொந்தம் இருப்பதும் உண்டு. சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' படித்தவர்களுக்கு இந்த உலகம் புதிதில்லை. காவலும் களவும் ஒரே வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த காலம் அது. ஆனாலும் பொறுப்பு யாருடையது என்பதில் குழப்பம் இருக்கவில்லை.

பாளையக்காரர்களை 1801-க்குள் அடக்கி முடித்த கம்பெனி, காவல் உரிமையைப் பிடுங்கிக்கொண்டது. 1816-ல் வந்த ஒழுங்குமுறைச் சட்டம் போலீஸ் வேலையைக் கலெக்டரின் கீழிருந்த தாசில்தாரிடமும் ஊர் மணியக்காரரிடமும் கொடுத்தது. ஆக வரி வசூலிக்கிறவரும் திருடனைப் பிடிக்கிறவரும் ஒரே ஆள். வரி கட்ட முடியாத குடியானவரும் களவில் சந்தேகப்பட்டவரும் ஒரே சாவடியில், ஒரே ஆட்களின் கையில். இரண்டு பேருக்கும் கிடைத்த வைத்தியமும் ஒன்றுதான். கிட்டி என்பது இரண்டு மரத்துண்டு. இடையில் விரலை வைத்து நெருக்குவார்கள். அனுந்தால் என்று இன்னொன்று: ஆளைக் குனிய வைத்துக் கட்டி அப்படியே வெயிலில் விட்டுவிடுவது. கருவிகளுக்கு ஊர்ப் பெயர் இருந்ததிலிருந்தே அவை எவ்வளவு பழக்கமானவை என்று தெரிந்துகொள்ளலாம்.

இதை வெளியே கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் சென்னை வணிகர் கஜுல லட்சுமிநரசு செட்டி. 'கிரசென்ட்' பத்திரிகை நடத்தியவர், 1852-ல் சென்னை சுதேசி சங்கத்தைத் தொடங்கியவர். மறு வருடம் டான்பி செய்மூர் என்ற பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் சென்னை வந்தபோது, லட்சுமிநரசு அவரை மாவட்டங்களுக்குக் கூட்டிக்கொண்டு போய் குடியானவர்களைப் பேச வைத்தார். செய்மூர் ஊர் திரும்பி 1854-ல் நாடாளுமன்றத்தில் பேசினார். கம்பெனி முதலில் அப்படியெல்லாம் இல்லை என்றது. பிறகு வேறு வழியில்லாமல் சென்னையில் ஒரு விசாரணைக் கமிஷன் போட்டது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்று மூன்று உறுப்பினர்கள்.

புகார் சொல்ல விரும்புகிறவர்கள் வரலாம் என்று அறிவிப்பு போனது. வந்தார்கள். நூற்றுக்கணக்கான மைல் நடந்து வந்தவர்களும் இருந்தார்கள். வர முடியாதவர்கள் கடிதம் எழுதிப்போட்டார்கள். மொத்தம் 1,959 புகார்கள். ரயில் இல்லை, கூலி போய்விடும், திரும்பிப் போனால் அதே தாசில்தார் அதே சாவடியில் உட்கார்ந்திருப்பார். அப்படியும் வந்தார்கள். சொல்வதை எழுதிக்கொள்ள ஓர் ஆள் இருக்கிறார் என்ற ஒரே தகவல் போதுமாக இருந்திருக்கிறது. இந்த மாகாணத்தில் போலீஸ் சேவை பற்றிய முதல் முழு அறிக்கை என்று நான் 1855-ல் வெளிவந்த அந்தக் கமிஷன் அறிக்கையைத்தான் சொல்வேன். அதை மக்கள் சொன்னார்கள், அரசாங்கம் எழுதிக்கொண்டது. பிறகு வந்த ஆண்டறிக்கைகள் எல்லாம் போலீஸ் தன்னைப் பற்றித் தானே எழுதியவை.

சித்திரவதை நடக்கிறது என்று கமிஷன் ஒப்புக்கொண்டது. கையோடு ஐரோப்பிய அதிகாரிகளுக்கு இதில் பங்கில்லை, சுதேசிச் சிப்பந்திகளிடமிருந்து தங்களைக் காப்பாற்றும்படிதான் ஜனங்கள் கேட்கிறார்கள் என்றும் முடித்துக்கொண்டது. கிட்டியைப் பிடித்த கை சுதேசியினுடையது, வாஸ்தவம்தான். வசூல் தொகையை நிர்ணயித்த கை யாருடையது என்று கேட்க அவர்களுக்குத் தோன்றவில்லை. 1857-ல் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் இந்த அறிக்கையை வைத்து எழுதிய கார்ல் மார்க்ஸுக்கு அது தோன்றியது.

அடுத்து நடந்ததுதான் இன்றைய போலீஸின் பிறப்பு. 1859-ன் 24-ஆம் எண் சட்டம். வரி வசூலிலிருந்து போலீஸைப் பிரித்தார்கள். அயர்லாந்துக் காவல்படையின் சாயலில் சீருடை, கவாத்து, மாவட்டத்துக்கொரு சூப்பிரண்டெண்ட், அவருக்குக் கீழே இன்ஸ்பெக்டர், ஹெட் கான்ஸ்டபிள், கான்ஸ்டபிள். முதல் இன்ஸ்பெக்டர் ஜெனரல் வில்லியம் ராபின்சன். 'ஹெட்' என்பது ஜனங்கள் வாயில் 'ஏட்டு' ஆகி, பிறகு மரியாதையோடு 'ஏட்டையா' ஆனது. ஏடு எழுதுகிறவர் என்பதால் வந்த பெயர் என்று நினைத்துக்கொண்டாலும் பெரிய தப்பில்லை. அந்த 1859 சட்டம் செத்துப்போய்விடவில்லை. தமிழ்நாடு மாவட்டக் காவல் சட்டம் என்ற பெயரில் இன்றும் நடப்பில் இருக்கிறது.

புதுப் படைக்குப் புதுக் கணக்கு. வருடம் முடிந்ததும் ஒவ்வொரு மாவட்டத்துச் சூப்பிரண்டெண்ட்டும் எண்களை மேலே அனுப்ப வேண்டும். இன்ஸ்பெக்டர் ஜெனரல் அதையெல்லாம் தொகுத்து அரசாங்கத்துக்கு அறிக்கை தருவார். அரசாங்கம் அதன் மேல் கருத்து எழுதும். குற்றம் குறைந்த மாவட்டத்துக்குப் பாராட்டு, கூடிய மாவட்டத்துக்குக் கேள்வி. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் குற்றம் ஏன் கூடுகிறது? தாது வருடப் பஞ்சத்தில், 1876-க்கும் 1878-க்கும் இடையில், கூட்டுக்கொள்ளைகள் ஏகமாகப் பெருகின. சென்னை மாகாணப் போலீஸ் பற்றி விரிவான நூல் எழுதிய டேவிட் ஆர்னால்ட், தானிய விலையையும் கொள்ளை எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியிருக்கிறார். விலை ஏறினால் கொள்ளை ஏறுகிறது, இறங்கினால் இறங்குகிறது. பசித்தவர்கள் நெல் வண்டியை மறித்தார்கள், தானியக் குதிரை உடைத்தார்கள். மழை பெய்து விளைந்ததும் எண்ணிக்கை சரிந்தது. அப்படிச் சரிந்த வருடத்தின் முன்னேற்றம் யார் கணக்கில் சேர வேண்டும், போலீஸ் கணக்கிலா, மழை கணக்கிலா?

மழையை ஏட்டையாவால் வரவழைக்க முடியாது. அவரால் முடிந்தது ஒன்றுதான்: எழுதாமல் இருப்பது. எழுதினால் நம்பர் ஏறும். கண்டுபிடிக்க முடியாத களவை எழுதினால் சதவீதம் இறங்கும். எழுதாவிட்டால் களவும் இல்லை, சதவீதமும் இல்லை. 1902-03-ல் ஆண்ட்ரூ ஃபிரேசர் தலைமையில் இந்தியா முழுக்கச் சுற்றிய போலீஸ் கமிஷன், போலீஸை ஊழல் மிகுந்தது, கொடுமைக்காரப் படை என்றே ஜனங்கள் நினைக்கிறார்கள் என்று எழுதியது. அவர்களை வெறும் புள்ளிவிவரத்தை வைத்து எடை போடுவதையும் கண்டித்தது. அதே பேச்சை 1977-ல் அமைத்த தேசிய போலீஸ் கமிஷன் மறுபடியும் பேசியது. முக்கால் நூற்றாண்டு இடைவெளியில் இரண்டு கமிஷன், ஒரே வியாதி.

என்னுடைய பழைய ஸ்பிளெண்டர் ஒருமுறை ரயில்வே ஸ்டேஷன் வாசலிலிருந்து காணாமல் போனது. எந்த ஊர், எந்த ஸ்டேஷன் என்பதெல்லாம் வேண்டாம். ரைட்டர் நல்ல மனுஷன், உட்காரச் சொன்னார். "எங்கயாவது நிறுத்திட்டு மறந்திருப்பீங்க தம்பி. ரெண்டு நாள் தேடிப் பாருங்க. இப்போதைக்கு சி.எஸ்.ஆர். போட்டுத் தரேன்" என்றார். சி.எஸ்.ஆர். என்றால் சமூகப் பணிப் பதிவேடு. பெயரிலேயே சேவை இருக்கிறது. புகார் வந்ததற்கு ரசீது, அவ்வளவுதான். வழக்கு ஆகாது, குற்றக் கணக்கில் ஏறாது. இன்சூரன்ஸ்காரர்களோ எஃப்.ஐ.ஆர். இல்லாமல் பேசவே மாட்டோம் என்றார்கள். பதினோரு நாள் நடந்தேன். கடைசியில் எஃப்.ஐ.ஆர். போட்டுத் தரும்போது ரைட்டரே காரணத்தைச் சொன்னார்: "மாசக் கடைசி தம்பி. கிரைம் மீட்டிங் இருந்துச்சு. ஐயா சத்தம் போடுவாரு." எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. அவருக்குப் பின்னால் 1860-களிலிருந்து ஒரு வரிசை நிற்பது தெரிந்தது. பிடியாணை இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் என்று தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-லேயே சொல்லிவிட்டது. கிரைம் மீட்டிங் அதற்கு முன்னாலேயே இருந்தது, பின்னாலும் இருக்கிறது.

இதுவரை சொன்னது எழுதாமல் விட்ட கதை. அதே ஸ்டேஷனில் இன்னொரு பதிவேடும் இருந்தது. அதில் எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை, எழுதாதீர்கள் என்றுதான் கெஞ்சினார்கள்.

வடக்கே 1871-ல் வந்த குற்றப் பழங்குடிகள் சட்டம், 1911-ல் திருத்தப்பட்டு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு சமூகத்தையே குற்றப் பரம்பரை என்று அரசாங்கம் அறிவிக்கலாம், அந்த அறிவிப்பைக் கோர்ட்டில் கேள்வி கேட்க முடியாது. 1914-ல் மதுரை கீழக்குயில்குடிக் கள்ளர்கள் மேல் பாய்ந்தது. பிறகு பிரமலைக் கள்ளர் சமூகம் முழுவதின் மேலும். குறவர், இன்னும் பல சமூகங்கள் மேலும். வளர்ந்த ஆண்களின் கைரேகையைப் பதிவேட்டில் உருட்ட வேண்டும். ராத்திரியில் கச்சேரியிலோ மந்தையிலோ ஆஜராக வேண்டும். வெளியூர் போனால் சீட்டு வாங்கிக்கொண்டு போக வேண்டும். புதுசாகக் கல்யாணம் ஆனவருக்கும் அதே சட்டம்தான். தென் மாவட்டங்களில் இதற்கு ரேகைச் சட்டம் என்று பெயர்.

பழைய காவல்காரர்களைத்தான் புதுக் காவல்துறை இப்படிப் பதிவேட்டில் ஏற்றியது. காவல் கூலி போய்விட்டது, வானம் பார்த்த மண், என்ன செய்வார்கள் என்ற கேள்விக்கு ஆண்டறிக்கையில் கட்டம் கிடையாது. பதிவு செய்தவர்களின் எண்ணிக்கை மட்டும் குற்றத் தடுப்பு நடவடிக்கையாகக் கணக்கில் ஏறியது. எண் கூடக் கூட முன்னேற்றம்.

1920 ஏப்ரல் 3. உசிலம்பட்டி வட்டாரத்துப் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மாட்டோம் என்று ஜனங்கள் மறுத்தார்கள். போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 15-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிடித்தவர்களைச் சங்கிலியில் பிணைத்து நடத்திக் கொண்டுபோனார்கள். அவர்களுக்காக மதுரையில் வாதாட வந்தவர் பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப். மலையாளி. அந்த வட்டாரம் அவரை ரோசாப்பூ துரை என்று கூப்பிட்டது. இன்றும் அந்தப் பக்கம் ரோசாப்பூ என்று பிள்ளைகளுக்குப் பெயர் உண்டு. போலீஸுக்கு வணக்கம் வைத்த கைதான் ஒரு வக்கீலின் பெயரைத் தலைமுறை தாண்டிப் பிடித்து வைத்திருக்கிறது.

அதே சமயத்தில் சீர்திருத்தம் என்று பள்ளிகளும் திறந்தார்கள். மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் இன்றும் நடக்கின்றன. அந்தப் பள்ளிகளில் படித்து போலீஸில் சேர்ந்தவர்கள் ஏராளம். ரேகை வைத்தவரின் பேரன் ரேகை எடுக்கிற இடத்தில். இதைச் சேவைக் கணக்கில் சேர்ப்பதா, பரிகாரக் கணக்கிலா என்று எனக்குத் தீர்மானிக்க முடியவில்லை. இரண்டிலும் சேர்க்கலாம்.

சட்டத்தை 1947-ல் சென்னை மாகாணம் நீக்கியது. மறு வருடமே வழக்கமான குற்றவாளிகளுக்கென்று வேறு சட்டம் வந்தது. ஜாதியை விட்டு ஆளைப் பிடித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். பதிவேடு ஸ்டேஷனை விட்டுப் போகவில்லை. சரித்திரப் பதிவேடு என்று இப்போது பேப்பரில் படிக்கிறோம். எந்த வரலாற்றாசிரியரும் பொறாமைப்படும் பெயர். 'சரியான கேடிடா நீ' என்று நாம் செல்லமாகத் திட்டுகிறோமே, அந்தக் கேடியும் இங்கிருந்து வந்ததுதான். 'நோன் டெப்ரடேட்டர்' என்பதன் சுருக்கமான கே.டி. தெரிந்த கொள்ளைக்காரன் என்று அர்த்தம். கேடு என்ற நம் சொல்லோடு ஒட்டிப் போனதால் யாருக்கும் அது வேற்றுச் சொல்லாகவே படவில்லை.

நல்லதாக ஒன்றுமே நடக்கவில்லையா என்றால், நடந்தது. எனக்குப் பிடித்த உதாரணம் மகளிர் காவல். 1973-ல் ஒரு சப் இன்ஸ்பெக்டர், ஒரு ஏட்டு, 20 காவலர்கள் என்று சின்னதாகத் தொடங்கினார்கள். 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம். இப்போது மாநிலத்தில் 200-ஐத் தாண்டிவிட்டது. அங்கேயும் 'குடும்பம்னா அப்படி இப்படித்தான் இருக்கும், அனுசரிச்சுப் போம்மா' என்று பேசி அனுப்புவது உண்டு, தெரியும். ஆனால் வாசல்படியே ஏறத் தயங்கிய ஒரு கூட்டம் உள்ளே போய் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தது. சொன்னதை எழுத ஆரம்பித்தார்கள். எழுதினால் என்ன ஆகும்? பெண்களுக்கு எதிரான குற்றம் அதிகரிப்பு என்று தலைப்புச் செய்தி வரும். குற்றம் கூடுவதும் குற்றப் பதிவு கூடுவதும் வேறு வேறு என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் தன் அறிக்கையிலேயே எழுதி வைத்திருக்கிறது. அந்தப் பக்கத்தை டி.வி. விவாதத்துக்கு வருகிறவர்கள் படிப்பதில்லை. நன்றாக வேலை செய்த ஸ்டேஷன் மோசமான ஸ்டேஷனாகவும், கதவைச் சாத்திய ஸ்டேஷன் அமைதிப் பூங்காவாகவும் தெரிகிற கணக்கு இது.

அந்தக் கணக்கிலேயே வாழ்க்கை கழிகிறவர்களையும் சொல்ல வேண்டும். பாரா டூட்டி, பந்தோபஸ்து, கோர்ட் டூட்டி என்று ஓடுகிற காவலர்களுக்கு வார விடுமுறை என்று அரசாணை வந்ததே 2021-ல்தான். 1859-க்கும் அதற்கும் 162 வருடம். அந்தச் சலுகையும் எத்தனை ஸ்டேஷனில் ஒழுங்காகக் கிடைக்கிறது என்பது தனிக் கதை.

அதற்கு முந்தைய வருடம், 2020 ஜூனில், சாத்தான்குளம். ஊரடங்கில் கடையை நேரம் கடந்து திறந்து வைத்திருந்தார்கள் என்று ஒரு தந்தையையும் மகனையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். சில நாளில் இரண்டு பேரும் இறந்துபோனார்கள். எஃப்.ஐ.ஆர். உடனடியாக எழுதப்பட்டிருந்தது. சி.எஸ்.ஆர். இழுத்தடிப்பெல்லாம் இல்லை. தரையில் உருண்டு தாங்களே காயப்படுத்திக்கொண்டார்கள் என்று அதில் இருந்தது. கடைத்தெருக் கேமரா வேறு மாதிரிச் சொன்னது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொல்லி விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட், ஸ்டேஷன் கேமராவின் ஹார்ட் டிஸ்கில் ஒரு டெராபைட் இடம் இருந்தும் தினமும் தானாக அழியும்படி வைத்திருந்ததாக அறிக்கை கொடுத்தார். பிறகு சி.பி.ஐ. அந்த நிலையத்துப் போலீஸார் மேல் கொலைக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது.

அந்த ஸ்டேஷனில் அன்று ராத்திரி டூட்டியில் ஒரு பெண் ஏட்டு இருந்தார். விடிய விடிய அடித்தார்கள் என்று மாஜிஸ்திரேட்டிடம் அவர்தான் சொன்னார். சொல்லும்போது பயந்துகொண்டே சொன்னதாகவும், வெளியில் நின்ற போலீஸார் ஒட்டுக்கேட்டதாகவும் அந்த அறிக்கையில் இருக்கிறது. அவர் சொன்னதை எழுதி முடித்து, கையெழுத்துப் போடச் சொல்லிக் காகிதத்தை நீட்டினார்கள். முதலில் மறுத்தார். உங்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்று எடுத்துச் சொன்ன பிறகு வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.